அவரவர் இடத்தில்

பதிலி ஆசிரியருக்கு முதலில் வேண்டியது நல்ல செருப்பு. பாடப்புத்தகம், பொறுமை, குழந்தைகள்மேல் அன்பு எல்லாம் அப்புறம்தான். ஒரு நாளைக்கு ஏழு வகுப்பு, மூன்று மாடி, எந்த அறையிலும் நமக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. லீவில் போனவரின் நாற்காலியில் உட்காரலாம். ஆனால் அதில் விரித்திருக்கும் துண்டு அவருடையது, சாய்வு அவர் முதுகுக்கு வைத்தது, நாம் உட்கார்ந்த செய்தி மறுநாள் காலை பிரார்த்தனை முடிவதற்குள் அவர் காதுக்குப் போய்விடும். அதனால் நான் பதினாறு வருடம் நின்றேன்.

புதிதாகச் சேரும் பதிலி ஆசிரியர்களுக்கு நீங்கள் கொடுக்கும் கையேட்டுக்காக, தன்னைத் தானே காத்துக்கொள்வது பற்றி ஒரு பாடம் எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். பட்டதை அப்படியே எழுதுங்கள், ஒளிவுமறைவு வேண்டாம், வேண்டியதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்றீர்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் எதையாவது எழுதித் தரச் சொல்லி, அது விளக்கக் கடிதமாக இல்லாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் நீட்டி எழுதிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் மட்டும் யாருடையதையும் போடவில்லை. பெயரைப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் விளையாடும்போது ஒருவனை ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொள்வார்கள். அவன் ஓடினாலும் கணக்கில்லை, விழுந்தாலும் கணக்கில்லை. பள்ளிக்கூடத்தில் எங்கள் நிலைமை அதுதான். ஒரே ஒரு வித்தியாசம், ஜன்னல் கண்ணாடி உடைந்தால் மட்டும் ஆட்டமே நாங்கள் ஆடியதாகிவிடும்.

என் நான்காவது வருடத்தில், வேறொரு பள்ளியில், ஒரு மாணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். முகம் சுருங்கிப்போய், கண்ணில் தண்ணீர் தளும்ப நின்றான். நான் அப்போது மனம் இளகுகிற வயதில் இருந்தேன். போய்விட்டு வா என்றேன். அவன் போனது கழிப்பறைக்கு அல்ல, பின்பக்கச் சுவருக்கு. ஏறிக் குதித்துக் கணுக்காலை உடைத்துக்கொண்டான். விசாரணையில் எல்லா விரலும் என்னைத்தான் காட்டின. கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருந்த அந்த மாணவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் எந்தப் பள்ளியும் என்னைக் கூப்பிடவில்லை. மனைவி மருந்துக்கடைக்கு வேலைக்குப் போக, நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டு, நீரில் ஊறிய பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தேன்.

சூடு கண்ட பூனைக்கு அடுப்பங்கரைப் பக்கம் என்ன வேலை? அன்றிலிருந்து நான் கண்ணீரை நம்புவதில்லை, காகிதத்தை நம்புகிறேன். குழந்தை காலையில் ஒன்று சொல்லும், மத்தியானம் ஒன்று சொல்லும். கையெழுத்துப் போட்ட காகிதம் எல்லா வேளையும் ஒரே பேச்சுதான் பேசும். உங்கள் கையேட்டில் இருக்கிறதே, ஒரு பிள்ளையோடு தனியாக நிற்காதே, தோளைத் தொடாதே, தின்ன எதையும் கொடுக்காதே, எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதி வை என்று, அதையெல்லாம் நான் அச்சடிக்கும் முன்பே கடைப்பிடித்தவன். அந்த விதத்தில் நான் உங்கள் முன்னோடி.

இனி இந்தப் பள்ளிக்கு வருகிறேன். இங்கே அப்போது இருந்த தலைமையாசிரியை ஒழுங்குக்கென்றே பிறந்தவர். பதிலி ஆசிரியர்களுக்காக அவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஒவ்வொரு வகுப்பாசிரியரும் யார் எங்கே உட்காருகிறார் என்று கட்டம் போட்டு ஒரு இருக்கைப் படம் வைத்திருக்க வேண்டும். பதிலியாகப் போகிறவர் உள்ளே நுழைந்த பத்து நிமிடத்துக்குள் அதில் இருக்கிற பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, டிக் அடித்து, கீழே ‘அனைவரும் அவரவர் இடத்தில் உள்ளனர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பிறகு அது தப்பென்று தெரிந்தால் தலைமையாசிரியையின் மேசை முன்னால் நின்று சிவப்பு மையில் திருத்த வேண்டும். ஒரு பருவத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் பதிலி ஆசிரியர் பட்டியலில் பெயர் இருக்காது.

பதிலி ஆசிரியர் வந்தால் பிள்ளைகள் இடம் மாறி உட்காருவார்கள் என்பது உலகம் அறிந்தது. அந்தப் பருவத்தில் எனக்கு ஏற்கெனவே இரண்டு சிவப்பு. முதலாவது ஓர் இரட்டையர் உபயம். இரண்டாவதில் ஒரு வரிசை முழுக்க ஓர் இடம் வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. எட்டுப் பேரும் அடுத்தவர் பெயருக்குக் கூசாமல் கை தூக்கினார்கள். அந்த ஒற்றுமையில் கால்வாசி ஆசிரியர் சங்கத்தில் இருந்திருந்தால் எனக்கு என்றைக்கோ நிரந்தர வேலை கிடைத்திருக்கும். அந்த இரண்டாவது சிவப்பைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடியபோது தலைமையாசிரியை, “சார், இன்னொரு சிவப்பு வந்துச்சுன்னா நான் உங்களக் கூப்பிட முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். பருவம் முடிந்ததும் ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. எனக்கு வயது நாற்பத்தேழு. வெண்ணெய் திரண்டு வருகிற நேரம் அது.

அது ஒரு வியாழக்கிழமை. கணக்கு டீச்சர் லீவு. அவருடைய ஏழாம் வகுப்பு காலையிலிருந்து பன்னிரண்டு மணி வரை என் பொறுப்பு. கணக்கு டீச்சர் நல்லவர், அதாவது நிறைய எழுதுகிறவர். மேசைமேல் இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு வைத்திருந்தார். எந்தக் கணக்கைப் போடச் சொல்ல வேண்டும், எந்த மின்விசிறி சத்தம் போடும், யார் யாரோடு சண்டை என்பதெல்லாம் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் நாலு பக்கமும் கோடு போட்ட பெட்டிக்குள் எழுதியிருந்தார்.

அந்தப் பெண்ணைப் பிள்ளைகள் சக்கரை என்று கூப்பிடுவார்கள். ஐந்து வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்ட பிள்ளை. தினமும் காலையில் ஊசி போட்டுக்கொண்டு வருவாள், அதற்குப் பிறகு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். பத்தரை மணி இடைவேளையில் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தானே சாப்பிட்டுக்கொள்வாள் என்று எழுதியிருந்தது. ஒருவேளை வேர்த்தாலோ, நடுங்கினாலோ, தலை சுற்றுகிறது என்றாலோ, மேசை டிராயரில் இருக்கிற பழச்சாற்றைக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும், பிறகு அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். கடைசி வாக்கியத்துக்கு அடியில் இரண்டு கோடு. இந்தப் பள்ளியில் எழுத்தில் பெயர் குறிப்பிட்ட அனுமதி இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் ஒரு மிட்டாய்கூடக் கொடுக்கக் கூடாது. அந்த அனுமதியும் குறிப்பின் அடியிலேயே இருந்தது, சக்கரையின் முழுப் பெயரோடு.

சக்கரையின் சிநேகிதி ஒருத்தி, பட்டப்பெயர் குருவி. மூச்சு விடுவதற்காக மட்டும் பேச்சை நிறுத்துகிற ஜாதி. படத்தின்படி குருவியின் இடம் முதல் வரிசை, என் மேசைக்கு நேர் எதிரே. சக்கரையின் இடம் மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். பெயர் கூப்பிட்டேன். இருவரும் கை தூக்கினார்கள். அவரவர் இடத்தில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது பத்துக்குப் படம் அலுவலகம் போய்ச் சேர்ந்தது.

பத்தரைக்கு மணி அடித்தது. நான் இடைவேளை விடவில்லை. சத்தம் போட்டதற்குத் தண்டனை என்று சொன்னேன். அவர்கள் சத்தம் போட்டார்களா என்றால், பிள்ளைகள் எப்போதுதான் போடவில்லை? எல்லோருடைய பையும் அறைக்கு வெளியே அடுக்கில் இருந்தது. பிள்ளைகள் முனகிவிட்டு மறுபடி கணக்கில் குனிந்தார்கள்.

சற்று நேரத்தில் முதல் வரிசைப் பெண்ணின் கையிலிருந்து பென்சில் உருண்டு கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. கழுத்தில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, மழை வந்தால் மாடியில் துணி நனையுமே என்று என்னவோ சொன்னாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வகுப்பு சிரித்தது. அவள் மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஜன்னல் ஓரத்திலிருந்து மற்றவள் எழுந்தாள். அப்போது பத்து ஐம்பது. நேரத்தை எழுதிவைத்திருக்கிறேன்.

“சார், நான் அவ இல்ல சார். நாங்க எடம் மாத்தி உக்காந்துட்டோம். அவளுக்குத்தான் சக்கர இருக்கு. அவ கையப் பாருங்க சார், வளையத்துல அவ பேரும் நோயும் எழுதியிருக்கும்.”

நான் பார்க்கவில்லை.

“படத்துல நீ உக்காந்திருக்கிற எடத்துல யார் பேரு இருக்கு?” என்று கேட்டேன்.

“அவ பேரு சார்.”

“அப்ப நீ யாரு?”

பின்னாலிருந்து ஐந்தாறு பேர் ஆமாம் சார், நிஜமாகத்தான் சார் என்றார்கள். எல்லோரும் அவரவர் இடத்தில்தானே என்று காலையில் கேட்டபோது ஆமாம் சார் என்றதும் அதே ஐந்தாறு வாய்தான். ஒருத்தி அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லட்டுமா என்று எழுந்தாள். என் அனுமதி இல்லாமல் யாரும் வெளியே போகக் கூடாது என்று சொல்லிக் கதவருகே போய் நின்றேன். சுவர் ஏறிக் குதித்த கணுக்கால் எனக்கு மறக்கவில்லை.

அந்த நிலையில் ஒரு பதிலி ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? குறிப்பைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். டிராயரைத் திறந்தேன். பழச்சாறு ஒரே ஒரு டப்பா இருந்தது. எடுத்துக்கொண்டு போய், படத்தின்படி யார் சக்கரையோ அவளிடம் கொடுத்தேன். அதாவது, எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தவளிடம்.

“அவளுக்குக் குடுங்க சார்” என்றாள்.

“குறிப்புல இருக்கிற பேருக்குத்தான் குடுக்க முடியும். அந்தப் பேரு உன் எடத்துல இருக்கு.”

“பாதியாவது அவளுக்கு…”

வகுப்பில் பண்டங்களைப் பகிர்ந்துகொள்வதற்கு அனுமதி இல்லை என்பதை நினைவுபடுத்தினேன். பிறகு, கோபமே இல்லாமல், “நீ குடிச்சு முடி. நீ முடிச்சாத்தான் அடுத்து அவளப் பாக்க முடியும்” என்றேன்.

ஒரு குழந்தை அவ்வளவு வேகமாகக் குடித்து நான் பார்த்ததில்லை. நடுவில் மூச்சு வாங்கவில்லை. கண்ணிலிருந்து வழிந்தது உறிஞ்சுகுழாயின்மேல் இறங்கி டப்பாவின்மேல் சொட்டியது. குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று இரண்டு கோடு போட்டிருந்ததால் நின்றேன். முடித்ததும் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து எனக்குக் காட்டினாள், ஒரு சொட்டும் மிச்சம் இல்லை என்று.

“முடிச்சிட்டேன் சார். இப்ப அவளப் பாருங்க சார்.”

நான் டப்பாவை வாங்கி மேசைமேல் வைத்தேன். செய்ததை எழுதாவிட்டால் செய்ததாகாது. பத்து ஐம்பத்தைந்து, மாணவிக்குக் குறிப்பின்படி பழச்சாறு கொடுக்கப்பட்டது, முழுவதும் அருந்தினாள், ஆசிரியர் உடன் நின்றார் என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், அதனால் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நான்காவது வரியில் இருக்கும்போது முதல் வரிசையில் பெஞ்சு சாய்கிற சத்தம் கேட்டது.

தரையில் விழுந்து கை கால் வெட்டி இழுக்கிறவருக்கு இருக்கைப் படத்தில் கட்டம் கிடையாது. அதனால் அதற்கப்புறம் நான் சுதந்திரமாகச் செயல்பட முடிந்தது. கதவைத் திறந்தேன், அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினேன், பெஞ்சுகளை நகர்த்தினேன், மற்றவர்களைச் சுவரோரம் நிறுத்தினேன். ஆம்புலன்ஸ் பதினைந்து நிமிடத்தில் வந்தது. வந்தவர் அவள் கையைத் தூக்கி வளையத்தைப் படித்துவிட்டு, யாராவது ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். கொடுத்தோம் என்று டப்பாவைக் காட்டினேன். சக்கரை மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

அது நடந்த வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி தட்டு கழுவிக்கொண்டே கேட்டாள். பன்னிரண்டு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறவள், கேள்விகளை வரிசையாகத்தான் கேட்பாள்.

“வேர்த்துதா?”

“கொஞ்சம்.”

“பேச்சு குழறிச்சா?”

“சம்பந்தமில்லாம என்னவோ சொன்னா.”

“அப்புறம் எதுக்குங்க பேரக் கேட்டுக்கிட்டு நின்னீங்க?”

மருந்துக்கடையில் நிற்கிறவர்களுக்கு எங்கள் தொழிலின் நெளிவுசுளிவு தெரியாது என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவது, மருந்து வாங்க வந்தவரிடம் எத்தனை வேளை என்று சொல்வாளே, அந்த அளவுக்குத்தான். என் தாயாரும் கடைசிவரை அப்பாவோடு அவ்வளவுதான் பேசினார். குடும்பம் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது.

விசாரணை நூலக அறையில் நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் காகிதங்களை வரிசைப்படி வைத்தேன். இருக்கைப் படம், குறிப்பு, நேரம் போட்ட என் பதிவு, காலி டப்பா. அவர்கள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். இப்படி எல்லாவற்றையும் எழுதிவைக்கிறவர் அபூர்வம் என்று ஒருவர் சொல்லவும் செய்தார். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். என் அனுபவத்தில் மடியில் என்ன இருந்தாலும் கையில் ரசீது இருந்தால் போதும்.

பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். முப்பத்தாறு பேரும் சாரிடம் சொன்னோம், சார் கேட்கவில்லை என்றார்கள். காலையில் இடம் மாற்றி ஏமாற்றியதையும் ஒப்புக்கொண்டார்கள். பொய்யையும் உண்மையையும் ஒரே மூச்சில் சொன்னால் எது எந்தப் பக்கம் என்று பெரியவர்களுக்கு எப்படித் தெரியும்? புலி வருது என்று கத்தினவன் கதையை மூவரில் மூத்தவர் குருவிக்கு ஞாபகப்படுத்தினார். அன்பாகத்தான் சொன்னார். அந்தப் பெண் அதற்குமுன் வரை அவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு தரையைப் பார்த்தாள்.

என்னிடம் கேட்டதில் முக்கியமான கேள்வி ஒன்றுதான். அவள் கையிலிருந்த வளையத்தைப் பார்க்கவில்லையா? முழுக்கைச் சட்டை, மூடியிருந்தது என்றேன். அது எழுதிக்கொள்ளப்பட்டது.

மாணவிகளின் விளையாட்டுத்தனத்தால் நேர்ந்த துயரம் என்று முடிவு செய்தார்கள். பதிலி ஆசிரியர் தன்னிடம் இருந்த ஆவணங்களின்படி நடந்துகொண்டார். இடைவேளையை ரத்து செய்ததைத் தவிர்த்திருக்கலாம். அந்த ‘லாம்’ எனக்குக் கிடைத்த தண்டனை. கணக்கு டீச்சருக்குத்தான் சற்றுக் கடுமை. படத்தில் புகைப்படம் ஒட்டாதது, டிராயரில் ஒரே ஒரு டப்பா வைத்தது என்று இரண்டு குறை எழுதினார்கள். அவர் அழுதுகொண்டே ராஜினாமா செய்துவிட்டுப் போனார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று யாராவது கேட்பார்களோ என்று எதிர்பார்த்தேன், யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், புதியவர்களுக்கு உதவும். அந்த இருக்கைப் படத்தை நான் சிவப்பு மையில் திருத்தவில்லை. அது ஆதாரம், கை வைக்கக் கூடாது என்று சொல்லி உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆக அந்தப் பருவம் எனக்கு இரண்டு சிவப்போடு முடிந்தது. அடுத்த மாதம் நிரந்தர ஆணை வந்தது.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் குருவியின் தாயார் என்னைப் பார்க்க வந்தார். பேருந்தில் நடத்துநராக இருக்கிறார். சீருடையோடு, விசில் கழுத்தில் தொங்க, பள்ளி வாசலில் நின்றிருந்தார். நாலு வார்த்தை பேசிவிட்டு அடுத்த நடைக்குப் போக வேண்டும் என்றார். நின்றபடியேதான் எல்லாம் சொன்னார்.

அந்தப் பெண் வீட்டில் பேசுவதே இல்லையாம். இனிப்பு என்று எதையும் வாயில் வைப்பதில்லை. யாராவது ஒரு தம்ளரை நீட்டினால் கை பின்னால் போய்விடுகிறது. தூக்கத்தில் மட்டும் முடிச்சிட்டேன், முடிச்சிட்டேன் என்கிறாள். முன்பு ஒரு நாள் மாத்திரைகளைச் சேர்த்துவைத்திருந்ததைத் தலையணைக்கு அடியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். டாக்டர்களிடம் காட்டியாகிவிட்டது. அவள் மனதில் இருப்பது ஒன்றே ஒன்று. தான் இடம் மாறி உட்கார்ந்ததால்தான் சாருக்கு யார் யாரென்று தெரியாமல் போயிற்று, சிநேகிதிக்கு வைத்திருந்ததைத் தானே குடித்துத் தீர்த்துவிட்டோம்.

“சார், உங்க மேல கேஸ் போட வரல” என்றார் அந்த அம்மாள். “இனிமே என்ன கேஸ். உங்களுக்கு முன்னாடியே தெரியும்னா, தெரிஞ்சிருந்துச்சுன்னு அவகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க. வேற யாருகிட்டயும் சொல்ல வேணாம். அந்த ஒரு வார்த்தையில எம்பொண்ணு பொழச்சுக்குவா.”

வெயிலில் நின்றிருந்தார். விசிலைக் கையில் பிடித்து உருட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. எனக்கு மனசு இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன். அவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. அதனால், “சின்னப் பிள்ளை, விளையாட்டா செஞ்சிட்டா. நான் அவள எப்பவோ மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க” என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒளிவுமறைவு வேண்டாம் என்றீர்களே, மேடம். விசாரணை முடிந்து கோப்பு மூடியாகிவிட்டது, இதில் யார் பெயரும் இல்லை, என் கையெழுத்தும் இருக்காது. ஆகவே சொல்வதில் எனக்கு ஆபத்து இல்லை, சொல்கிறேன். எனக்குத் தெரியும். ஒன்பது பத்துக்குப் படத்தை அனுப்பினேன். ஒன்பது பன்னிரண்டுக்கு வினாத்தாள் வாங்க முதல் வரிசைப் பெண் கையை நீட்டினாள். சட்டைக்கை மேலே ஏறியது. எதைக் கண்டாலும் படித்துவிடுகிற பழக்கம் எனக்கு. வளையத்தில் அவள் பெயர், நோயின் பெயர், வீட்டுத் தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. பொடி எழுத்துதான், ஆனால் தெளிவான எழுத்து. அலுவலகத்துக்கு ஓடிப் படத்தைத் திருப்பி வாங்கியிருக்கலாம். வாங்கினால் மூன்றாவது சிவப்பு. இரண்டு நிமிடத் தாமதத்துக்குப் பதினாறு வருடத்தைக் கொடுக்க வேண்டுமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று தோன்றியது.

இடைவேளையை விடாததும் சத்தத்துக்காக இல்லை. வராந்தாவில் விட்டால் எந்த ஆசிரியராவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், குட்டு உடைந்துவிடும். பன்னிரண்டு மணிவரை தாக்குப்பிடித்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஒன்றரை மணி நேரம் பிஸ்கட் இல்லாமல் இருக்க முடியாதா என்றுதான் நினைத்தேன். பத்து ஐம்பதுக்குக் குருவி எழுந்து நின்றபோது, உண்மையைச் சொல்வதென்றால், அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. நான் கட்டிக் காத்துக்கொண்டிருந்ததை ஒரு வாயாடி போட்டு உடைக்கப் பார்க்கிறாளே என்று. பழச்சாற்றை யாருக்குக் கொடுக்கிறேன் என்று தெரிந்துதான் கொடுத்தேன். மேசைமேல் தலையைச் சாய்த்திருந்தவள் யார் என்றும் தெரிந்துதான் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினேன். இதில் எந்த இடத்தில் நான் வேறு மாதிரி செய்திருந்தாலும் இன்று இந்தப் பாடத்தை எழுத என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

குருவி இந்த வருடம் என் வகுப்பில்தான் இருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு, கடைசி வரிசை. தானாகவே அங்கே போய் உட்கார்ந்தாள், நான் மாற்றவில்லை. பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கிறாள், உதடு அசைகிறது, குரல் வருவதில்லை. நான் டிக் அடித்துவிடுகிறேன். பாட இடைவேளையிலும் இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை. நான் வரிசைகளுக்கு நடுவே நடந்து அவள் பக்கம் போனால் இரண்டு கையையும் மேசைமேல் எடுத்து வைத்து, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டுகிறாள், ஒன்றும் இல்லை என்பதுபோல. போன வாரம் அரையாண்டு அறிக்கையில் அவளுக்கு நேரே ‘நன்னடத்தை’ என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். ஒரு ஆசிரியர் அந்தப் பெண்ணுக்குச் செய்யக்கூடியது அவ்வளவுதான்.